‘சர்வர் டவுன் சார்’: ஒரு ஹேக்கர் கதையைத் திருத்திய கதை

கதை இப்படித் தொடங்கியது: நள்ளிரவு, ஏசி அறை, கறுப்பு ஹூடி போட்ட ஒருவன். முகம் தெரியவில்லை. எதிரே மூன்று திரைகள். அவற்றில் பச்சை எழுத்துகள் மழைபோல இறங்குகின்றன. அவன் விரல்கள் கீபோர்டில் பறக்கின்றன. ஏழு நொடி. சென்னையில் ஒரு வங்கி காலி.

எழுதியவள் திருவண்ணாமலையில் இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு படித்த மாணவி. படைப்பிலக்கியத் தாளுக்கு ஆளுக்கொரு சிறுகதை எழுதித் தர வேண்டும். படித்துத் திருத்துவது என் வேலை. ஓரத்தில் சிவப்பு மையால் ‘கள ஆய்வு போதாது’ என்று எழுதி 100க்கு 52 போட்டேன். ஆற்றைப் பற்றி எழுதுகிறவள் ஆற்றங்கரையில் போய் நின்று பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிற ஆள் நான். ஹேக்கரைப் பற்றி எழுதுகிறவள் எந்தக் கரையில் போய் நிற்பாள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மறுநாள் வந்து நின்றாள். “ஆய்வு பண்ணேம்மா. அதனாலதான் போன் போச்சு.”

வீட்டில் இரண்டு ஸ்மார்ட்போன்கள். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று அண்ணன் வாங்கித் தந்தது. அவளும் அம்மாவும் பொதுவாக வைத்துக்கொள்வது. அதன் பேட்டர்ன் பூட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு விதி. கதைக்காக அவள் ‘ஹேக் செய்வது எப்படி’ என்றும் ‘ஹேக்கர்கள் எப்படி இருப்பார்கள்’ என்றும் தேடியிருக்கிறாள். மூன்றாம் நாள் அண்ணன் தேடல் வரலாற்றைத் திறந்து பார்த்துவிட்டான். யார் போனைத் திறக்கப் பார்க்கிறாய், எவன் சொல்லிக்கொடுக்கிறான் என்று விசாரணை. போன் அப்பாவின் பீரோவுக்குள் போயிற்று. மீதிக் கதையைப் பார்த்த சினிமாக்களை வைத்து எழுதி முடித்திருக்கிறாள்.

ஹேக்கிங் பற்றி அவள் செய்த ஆய்வை, அவள் கையிலிருந்த போனுக்குள் கேட்காமல் நுழைந்த ஒருவன் கண்டுபிடித்து, தண்டனையும் கொடுத்திருக்கிறான். அவனை அந்த வீட்டில் யாரும் ஹேக்கர் என்று சொல்லவில்லை. அவளுடைய கதையிலும் அவனுக்கு இடமில்லை. நான் போட்ட சிவப்பு மைக் குறிப்பைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. மதிப்பெண் ஏற்கெனவே போய்விட்டது, மாற்ற முடியாது. கதையை மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். மதிப்பெண் இல்லாத கதையை யாராவது எழுதுவார்களா என்று சிரித்தாள். பிறகு எழுதினாள்.

முதலில் அந்த ஹூடிக்காரன் எங்கிருந்து வந்தான் என்று தேடினோம். ஸ்டீவன் லெவி 1984இல் வெளியிட்ட ‘ஹேக்கர்ஸ்’ புத்தகத்தை நான் படித்துச் சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பொம்மை ரயில் சங்கம் ஒன்று இருந்தது. தண்டவாளப் பலகைக்கு அடியில் வயர்களையும் ரிலேக்களையும் நோண்டிப் புதிதாக ஏதாவது செய்வதைத்தான் அந்தப் பையன்கள் ‘ஹேக்’ என்றார்கள். அந்தச் சொல்லில் அப்போது திருட்டு இல்லை. அவர்களில் சிலர் கணினிப் பக்கம் நகர்ந்தார்கள். பகலில் கணினி ஆராய்ச்சியாளர்களுக்கு. இரவில் ஆளில்லாத நேரம் இவர்களுக்கு. அதனால் இரவே இவர்களுடைய பகலாயிற்று. ஹூடிக்காரனின் நள்ளிரவு அங்கிருந்து வருகிறது.

அந்த ஹேக்கர்களின் அறத்தை லெவி தொகுத்துத் தருகிறார். தகவல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், அதிகாரத்தை நம்பாதே, ஆளை அவன் செய்யும் வேலையை வைத்து மதிப்பிடு, பட்டம், வயது, இனம், பதவி ஆகியவற்றை வைத்து மதிப்பிடாதே. எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். “பொண்ணா பையனான்னு பாக்காதேன்னு இல்லியே?” இந்தப் புத்தகத்தை நான் முன்பே ஒருமுறை படித்திருந்தேன். அந்த இடத்தில் நான் நிற்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் பெண் ஹேக்கர்கள் இல்லை என்பதை லெவியே ஒப்புக்கொள்கிறார். அது பிறவி வேறுபாடாக இருக்கலாம் என்று ஒரு ஹேக்கர் சொன்னதையும் எழுதிவைக்கிறார். இரவு முழுக்க ஆய்வகத்தில் இருந்துவிட்டு விடியற்காலையில் அறைக்கு நடந்துபோவது யாருக்கு முடியும் என்ற சாதாரணக் கேள்விக்கு அங்கே இடமில்லை. எங்கள் ஊரில் பெண்கள் இரவு முழுக்கத் தெருவில் நடக்கிற நாள் மாதத்தில் ஒன்று உண்டு. பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய நடக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மற்ற 29 இரவுகளில் கேட்பார்கள். அந்தப் பௌர்ணமியிலும் பெரும்பாலும் குடும்பத்தோடுதான்.

அதே புத்தகத்தில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. எம்.ஐ.டி.யின் பி.டி.பி.-1 கணினியின் உள் வயரிங்கை ஓரிரவு இந்த ஹேக்கர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் வானிலைக் கணக்குக்காக வந்த ஒருவரின் நிரல் ஓடவில்லை. அவர் புகார் செய்ய, வேண்டாவெறுப்பாகப் பழைய நிலைக்குத் திருப்புகிறார்கள். அந்த ‘ஒருவர்’ மார்கரெட் ஹாமில்டன். பின்னாளில் நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இரவில் சுதந்திரமாக விளையாடியவர்கள் நாயகர்களானார்கள். பகலில் வந்து வேலை செய்தவர் அவர்களின் வழியில் குறுக்கிட்ட வாடிக்கையாளராகப் பதிவானார். கணினிக் கலாச்சாரத்தின் வரலாற்றைப் பெண்கள் எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு வகுப்பில் இனி இந்த ஒரு பத்தியை மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

கள ஆய்வு என்ற என் பிடிவாதத்துக்கும் இந்தத் தேடலில் அடி விழுந்தது. ஹேக்கர் புனைவுகளுக்கெல்லாம் தாய் என்று சொல்லப்படுகிற வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ (1984) சாதாரணத் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கப்பட்டது. அப்போது கிப்சனுக்குக் கணினியோடு பெரிய பழக்கமில்லை. ஆய்வு இல்லாமலே ஒரு உலகம் கட்டப்பட்டுவிட்டது. ஆனால் அந்த உலகத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கேஸ் என்ற ஆண் வலைக்குள் நுழைகிறான். மோலி என்ற பெண் நகத்துக்கடியில் கத்திகளோடு சண்டை போடுகிறாள். ஒரு கருவியின் மூலம் கேஸ் மோலியின் புலன்களுக்குள் ஏறிக்கொண்டு, அவள் காண்பதைக் காண்கிறான், அவளுக்கு வலிப்பதை உணர்கிறான். அவளால் அவனுக்குள் போக முடியாது. இதை மாணவிக்குச் சொன்னபோது அவள் சொன்ன பதில்: “எங்கண்ணன் மாதிரி.”

தமிழில் இந்த நிலத்தை உழுதவர் சுஜாதா. அவருக்கு ஆய்வுக்குறை என்று யாரும் சொல்ல முடியாது, பெங்களூரு பி.இ.எல். நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். மனைவியின் பெயரில் எழுதியவர் என்பதும் இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வை நான் பள்ளி நாள்களில் பைண்டு செய்த தொகுப்பாகப் படித்துக் கிறங்கியிருக்கிறேன். இன்றும் ஜீனோ என்ற இயந்திர நாயை விட முடியவில்லை. ஆனால் மறுபடி படித்தபோது உறுத்தியது ஜீனோவேதான். புத்தகம் படிப்பது, கேள்வி கேட்பது, தனக்கிட்ட கட்டளையை மீறி யோசிப்பது, எல்லாம் நாய்க்கு. கணவன் காணாமல்போனதால் கதைக்குள் இழுக்கப்படும் நிலாவுக்குப் பயமும் அழகும் நல்ல மனசும். ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் நாட்டின் ராணியாகவே உட்கார்ந்திருக்கிறாள், பின்னாலிருந்து ரவியும் மனோவும் நடத்துகிறார்கள். உள்ளாட்சித் தேர்தலில் மனைவியை நிறுத்திவிட்டுத் தான் நாற்காலியில் உட்காருகிற கணவர்களை நம் ஊராட்சிகளில் பார்த்திருக்கிறோம். சுஜாதா இதைக் கிண்டலாகத்தான் எழுதினார் என்று வாதாடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஜீனோவுக்குக் கொடுத்த ஆர்வத்தில் கால்பங்கை நிலாவுக்குக் கொடுத்திருந்தால் தமிழின் முதல் பெண் ஹேக்கர் நமக்கு அப்போதே கிடைத்திருப்பாள்.

2018இல் வந்த ‘இரும்புத்திரை’யைத்தான் என் மாணவி மூன்று முறை பார்த்திருந்தாள். பி.எஸ். மித்ரன் இயக்கிய படம். விஷாலின் பாத்திரம் தங்கை கல்யாணத்துக்காகப் புரட்டிய பணம் வங்கிக் கணக்கிலிருந்து மாயமாகிறது. தேடிப்போனால் ‘ஒயிட் டெவில்’ என்கிற அர்ஜுன். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கிற ஆதார் நகல் முதல் எல்லாமே எங்கோ விற்பனைக்குப் போகிறது என்ற பயத்தை வெகுமக்கள் சினிமாவுக்குக் கொண்டுவந்ததில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் களவு என்றால் ஆணின் கணக்கிலிருந்து பணம் போவது. தங்கையின் கல்யாணத்துக்கு ஏன் அவ்வளவு பணம் தேவைப்பட்டது என்பது யாருக்கும் கேள்வியே இல்லை. சமந்தா மனநல மருத்துவராக வந்து நாயகனின் கோபத்தை ஆற்றுகிறார். இரண்டு ஆண்கள் மோதிக்கொள்ளும் மேடையில் பெண்களுக்கு மருந்து கொடுக்கும் வேலையும் கல்யாணம் ஆகும் வேலையும்தான்.

இனி ஊர்ப்பக்கம் வருவோம். திருவண்ணாமலையில் இயந்திரத்தை உடைத்த பெரிய களவு எது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். 2023 பிப்ரவரி 12ஆம் தேதி விடியற்காலையில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் நான்கு ஏடிஎம்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேல் போயிற்று. பச்சை எழுத்து இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. கேஸ் கட்டரால் அறுத்தார்கள். ஹரியானாவைச் சேர்ந்த கும்பல் என்று பிறகு தெரிந்தது. என் மாணவிக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கோ அவள் கதையின் முதல் பத்திக்கு நம் ஊரே எழுதிய மறுப்பு போலத் தெரிந்தது.

பச்சை எழுத்தை விட்டுவிட்டுத் தேடியபோதுதான் நிஜமான வழக்குகள் கண்ணில் பட்டன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் இந்தியாவின் முதல் தண்டனை என்று பரவலாகச் சொல்லப்படுவது சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் 2004 நவம்பரில் வந்த தீர்ப்பு. ஒரு பெண்ணைத் திருமணம் செய்ய விரும்பி மறுக்கப்பட்டவன், அவள் பெயரில் போலி மின்னஞ்சல் தொடங்கி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிப் பரப்பியிருக்கிறான். அவள் போனுக்கு ஓயாமல் அழைப்புகள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2016இல் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருத்தியின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். புகார் கொடுத்தும் காவல்துறை விரைந்து செயல்படவில்லை. அவள் உயிரோடு இல்லை. அந்த வழக்கில் கைதானவனும் பெண் கேட்டு மறுக்கப்பட்டவன் என்றே சொல்லப்பட்டது. யாஹூ போய் ஃபேஸ்புக் வந்திருந்தது. காரணம் மாறவில்லை. இரண்டிலும் எந்த வங்கிச் சுவரும் உடைக்கப்படவில்லை. ஒரு பெண் சொன்ன ‘வேண்டாம்’தான் உடைக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவுத் தலைப்பிலேயே ‘ஹேக்கிங்’ என்ற சொல் இருந்தது. 2008இல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டு, ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்று பொதுவாக்கினார்கள். சட்டமே விட்டுவிட்ட சொல்லைச் சினிமா விடவில்லை. விடாததில் ஒரு வசதி இருக்கிறது. ஹேக்கர் என்றால் ஹூடிக்காரன் என்று ஆனபின், மனைவி குளிக்கப் போனபோது அவள் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய், தன் கணினியில் தெரியும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்கிறவன் வெறும் கணவன். அதற்கு அரை நிமிடம் போதும், ஒரு வரி நிரல்கூட வேண்டாம். பூட்டின் பேட்டர்ன் தெரிந்தால் சரி. (இதைப் படிக்கிறவர்கள் இப்போதே அந்தப் பகுதியைத் திறந்து, தெரியாத சாதனம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கும் போய்விடாது.)

நிரல் தெரிந்தவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் ‘சுள்ளி டீல்ஸ்’, 2022 புத்தாண்டன்று ‘புல்லி பாய்’. பேசுகிற, எழுதுகிற முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி அவர்களை ‘ஏலம்’ விட்ட செயலிகள். இரண்டும் வைக்கப்பட்ட இடம் கிட்ஹப்; உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் படைப்பைத் திறந்து பகிர்ந்துகொள்ளும் தளம். தகவல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய அறத்தின் இன்றைய வீடு என்றே சொல்லலாம். அங்கேயே இது நடந்தது. யாருடைய தகவல், யார் திறப்பது என்று கேட்காமல் விட்ட அறம் எங்கே போய் நிற்கும் என்பதை அந்தப் பெண்கள் தங்கள் மேனியில் உணர்ந்தார்கள்.

இதையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு, பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று கதையை எழுது என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

“அழுவுற கதை வேணாம்மா. எனக்குத் தொறக்கணும்.”

அது எனக்கு விழுந்த இரண்டாவது அடி. பெண்ணியம் பேசுகிற நாங்கள், பெண்ணையும் தொழில்நுட்பத்தையும் ஒன்றாகப் பார்த்த உடனே எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிடுகிறோம். கல்லூரியில் நடக்கும் ‘சைபர் விழிப்புணர்வு’க் கூட்டங்களும் அப்படித்தான்: படம் போடாதே, பேசாதே, நம்பாதே. மூடிய பெட்டியைத் திறந்து பார்க்கும் சுகம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஆண்பிள்ளைகளுக்கே எழுதிக்கொடுத்துவிட்டோம்.

தமிழில் ஹேக்கருக்குக் ‘கொந்தர்’ என்றொரு கலைச்சொல் உண்டு. கொந்துவது, பறவை பழத்தைக் கொந்துவதுபோல. பத்திரிகைகளில் அவ்வளவாகப் பரவவில்லை, ஆனால் என் மாணவிக்குப் பிடித்துப்போயிற்று. கொந்துவதில் பசி இருக்கிறது, பகை இல்லை என்றாள். அந்தப் பசியோடு வேலை செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித்தருகிறது. ‘கணியம்’ இதழ்வழி து. நித்யா ‘எளிய தமிழில் MySQL’ போன்ற நூல்களை எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார். ஹேக்கர் என்ற சொல்லுக்கு அந்த ரயில் சங்கத்துப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் இங்கேதான்.

இன்னொரு பெண்ணும் கிடைத்தார். 1980 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘சூசன் தண்டர்’ என்ற பெயரில் இயங்கியவர். கெவின் மிட்னிக் இருந்த அதே வட்டம். அவருடைய ஆயுதம் குரல். தொலைபேசியில் பேசிப் பேசியே தேவையானதை வாங்கிவிடுவார். ‘சமூகப் பொறியியல்’ எனப்படும் இதைப் பற்றி மிட்னிக் புத்தகமே எழுதினார். மாமியாரிடம் ஒன்று, கணவனிடம் ஒன்று, மேலாளரிடம் ஒன்று எனக் குரல் மாற்றிப் பேசியே தன் நாளை நகர்த்துகிற பெண்களுக்கு இந்தக் கலையில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

இரண்டாவது வரைவு வந்தது. போன் இன்னும் பீரோவில்தான், அதனால் கோடு போட்ட நோட்டில், கையெழுத்தில். கதை திருவூடல் தெருவில் ஒரு பிரௌசிங் சென்டரில் நடக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு 22 வயது. பட்டா, டிஎன்பிஎஸ்சி பதிவு, ஆதார் திருத்தம், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அவள் கையால். வருகிறவர்கள் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள் என்பதால் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். பாதித் தெருவின் சாவி அந்த நோட்டில். ஒருநாள் ஒருவர் வருகிறார். மனைவி தனக்குத் தெரியாமல் குரூப் 4க்கு விண்ணப்பித்திருக்கிறாளா என்று ‘சும்மா பார்க்க’ வேண்டும். அவள் நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொல்கிறாள்: “சர்வர் டவுன் சார்.”

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நம்மைத் திருப்பி அனுப்பிய அந்த வாக்கியத்தை முதன்முறையாக ஒரு பெண்ணுக்காக யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். தெருவின் பெயரும் பொருந்தி வந்திருக்கிறது. தை மாதம் திருவூடல் உற்சவத்தில் அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற ஊர் இது. சாமி மறுநாள் தனியாகத்தான் கிரிவலம் போகிறார். கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை அம்மனுக்கு இருக்கிறது. அவள் பெயரை வைத்துக்கொண்ட பெண்களுக்குப் பேட்டர்ன் பூட்டுகூட இல்லை. தெருவை யோசித்துத்தான் வைத்தாயா என்று கேட்டேன். “சென்டர் அங்கதாம்மா இருக்குது” என்றாள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அன்றிரவு அந்தப் பெண் நோட்டைப் பார்த்து, அந்த மனைவியின் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறாள், கணவன் வேறு எங்கேயும் போய்த் திறந்துவிடக் கூடாதென்று. கடைசி வரியில் மலைமேல் தீபம் தெரிகிறது. தீபத்தை எடுத்துவிடு என்றேன், உடனே எடுத்துவிட்டாள். பாஸ்வேர்ட் விஷயத்தில்தான் இருவருக்கும் சண்டை.

“அந்தம்மாவக் கேட்டாளா?”

“காப்பாத்தத்தானேம்மா பண்றா.”

“உங்கண்ணனும் அதத்தானே சொன்னாரு?”

ரொம்ப நேரம் பேசவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மூன்றாவது வரைவோடு வந்தாள். இப்போது கதாநாயகி கணக்கைத் திறப்பதில்லை. நோட்டிலிருந்து அந்த ஒரு பக்கத்தைக் கிழித்து, பிளவுஸுக்குள் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குப் போகிறாள். கதவைத் திறப்பது கணவன். ‘அக்கா இருக்காங்களா, ஹால் டிக்கெட்ல கையெழுத்து வாங்கணும்’ என்று அவள் வாயில் வந்துவிட்டது என்றால் எல்லாம் கெட்டுவிடும். அதனால் கோலமாவு டப்பா கேட்கிறாள். கதை நீளம், நடுவில் இரண்டு பக்கம் வெட்டலாம், கணவன் பாத்திரம் இன்னும் அட்டைதான். ஆனால் அந்தக் கோலமாவு டப்பா கேட்கும் இடத்தில் எனக்கு மூச்சு நின்று வந்தது.

தட்டச்சு செய்ய என் வீட்டுக்கு வரச் சொன்னேன். மடிக்கணினியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அது பாஸ்வேர்ட் கேட்டது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நாற்காலியைத் தள்ளி, எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“போடுங்கம்மா. நான் பாக்கல.”